‘பி’ எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மூடி

உங்கள் வீட்டு ஓட்டோமற்றிக் காரில் ஏறி உட்கார்ந்து கியர் தண்டுக்குப் பக்கத்தில் ஒருமுறை கவனமாகப் பாருங்கள். பி, ஆர், என், டி என்று எழுத்துகள் வரிசையாக இருக்கும். அவற்றுக்கு அருகில், பெரும்பாலும் ‘பி’ எழுத்தை ஒட்டி, விரல் நகம் அளவில் ஒரு சின்ன பிளாஸ்ரிக் மூடி இருக்கும். சில கார்களில் அதன்மேல் ‘ஷிஃப்ட் லொக்’ என்று எழுதியிருப்பார்கள். பலவற்றில் ஒன்றுமே எழுதியிருக்காது.

நான் கார் ஓட்டப் பழகிய பிறகும் பல வருடங்களாக அந்த மூடியைக் கவனித்ததில்லை. ஸ்காபரோவில் இழுவை வண்டி ஓட்டும் என் சித்தப்பாதான் அதைக் காட்டித் தந்தார். “பற்றரி செத்தால் கியர் பார்க்கை விட்டு அசையாது. அப்ப இதைத் திறந்து உள்ளுக்குள்ளை அமத்தினால் விடும்,” என்றார். பிறகு, “ஆனா இதைத் தொட முதல் அஞ்சு நிமிசம் யோசி,” என்றும் சொன்னார்.

எனக்கு இரண்டு கேள்விகள் வந்தன. கியர் தண்டை எதற்காகப் பூட்டிவைக்கவேண்டும்? பூட்டியவர்களே அதற்குப் பக்கத்தில் ஏன் ஒரு இரகசியக் கதவையும் வைத்தார்கள்? தேடி வாசித்தபோது ஒரு எண்பது வருட வரலாறு வந்து நின்றது. அதை இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். கடைசியில், செத்த காரைப் பார்க்கிலிருந்து எப்படிப் பாதுகாப்பாக எடுப்பது என்றும் சொல்வேன். வரலாறு தெரிந்தால் ஒவ்வொரு படிக்கும் காரணம் தானாகவே விளங்கும்.

பார்க் இல்லாத காலம்

பெரிய அளவில் விற்பனையான முதல் முழு ஓட்டோமற்றிக் கியர்பெட்டி ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் ஹைட்ரா-மற்றிக். 1940 ஆம் ஆண்டு மொடல் ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் அது வந்தது. அதில் ‘பி’ என்ற எழுத்தே இல்லை. காரை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு, தண்டை ரிவேர்ஸில் போட்டால் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். அதுதான் அந்தக் காலத்துப் பார்க்.

பார்க் தனி இடமாகப் பிறகு வந்தது. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். கியர்பெட்டிக்குள் சக்கரங்களோடு சேர்ந்து சுழலும் ஒரு பற்சக்கரம் இருக்கிறது. நீங்கள் பார்க்கில் போடும்போது விரல் அளவிலான ஒரு இரும்புக் கொண்டி அந்தப் பற்களுக்கு நடுவே போய் விழுகிறது. அவ்வளவுதான். ஒன்றரை தொன் எடையுள்ள காரைப் பார்க் என்ற பெயரில் பிடித்துவைத்திருப்பது அந்த ஒரு கொண்டி. கையால் இழுக்கும் பார்க்கிங் பிறேக் இதிலிருந்து வேறானது. அது சக்கரங்களைப் பிடிக்கிறது.

அந்த நாள்களில் எழுத்துகளின் வரிசைகூட ஒரே மாதிரி இருக்கவில்லை. ஒரு நிறுவனத்தின் காரில் ரிவேர்ஸ் கடைசியில், முன்னோக்கிப் போகும் ‘லோ’ கியருக்கு அடுத்ததாக இருந்தது. இன்னொரு நிறுவனத்தில் அது பார்க்குக்கு அடுத்ததாக இருந்தது. கிறைஸ்லர் 1950களின் நடுவிலிருந்து 1964 வரை தண்டையே எடுத்துவிட்டுப் பொத்தான்களை வைத்தது. ஒரு காருக்குப் பழகிய கை இன்னொரு காரில் ஏறினால் முன்னே போக நினைத்துப் பின்னே போகும். 1965 இல் ரால்ஃப் நேடர் எழுதிய ‘அன்சேஃப் அட் எனி ஸ்பீட்’ என்ற நூல் அமெரிக்கக் கார் நிறுவனங்களை உலுக்கியது. அந்த நூல் எடுத்துக்காட்டிய குறைகளில் இந்த வரிசைக் குழப்பமும் ஒன்று. அடுத்த வருடமே அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1968 முதல், முன்கியருக்கும் ரிவேர்ஸுக்கும் நடுவே நியூட்ரல் கட்டாயம் இருக்கவேண்டும் என்று விதி செய்தார்கள்.

உங்கள் காரில் உள்ள பி, ஆர், என், டி என்ற வரிசை அழகுக்காக வந்ததில்லை. ஆட்கள் அடிபட்ட பிறகு வந்தது.

2.3 கோடி ஒட்டுத்தாள்கள்

1970களில் இன்னொரு பிரச்சினை தொடங்கியது. ஃபோர்ட் கார்களில் ஓட்டுநர் பார்க்கில் போட்டதாக நினைத்து இறங்குவார். உண்மையில் தண்டு பார்க்குக்கும் ரிவேர்ஸுக்கும் நடுவே அரைகுறையாக நிற்கும். எஞ்சின் அதிர்விலோ கதவை அடித்துச் சாத்தும்போதோ அது நழுவி ரிவேர்ஸில் விழும். கார் தானாகப் பின்னே போகும். பின்னால் நிற்பவர் யாராகவும் இருக்கலாம்.

ஆயிரக்கணக்கான புகார்கள் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனத்துக்குப் போயின. 1966 முதல் 1980 வரை செய்யப்பட்ட, ஏறத்தாழ 2.3 கோடி வாகனங்களைத் திருப்பி அழைக்கவேண்டிய நிலை. 1980 டிசம்பர் கடைசியில் அரசும் நிறுவனமும் ஒரு இணக்கத்துக்கு வந்தன. வாகனங்களைத் திருத்தவேண்டியதில்லை, உரிமையாளர்களுக்கு ஒரு எச்சரிக்கை ஒட்டுத்தாள் அனுப்பினால் போதும். இறங்க முதல் பார்க்கில் சரியாக விழுந்ததா என்று பாருங்கள், பார்க்கிங் பிறேக்கை இழுங்கள், எஞ்சினை அணையுங்கள் என்பதுதான் அதன் சாரம்.

இயந்திரத்தில் உள்ள ஆபத்தை மனிதரின் ஞாபகசக்தியிடம் ஒப்படைத்தது இந்த முடிவு. ஞாபகசக்தி தளரும் நேரம் எல்லோருக்கும் வரும். மழையில் நனைந்துகொண்டு இறங்கும்போது, பின்சீட்டில் குழந்தை அழும்போது, ஒட்டுத்தாளை யார் வாசிக்கிறார்கள்?

கால் தவறிய கதை

1986 நவம்பர் 23. அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ‘60 மினிற்ஸ்’ நிகழ்ச்சி. அவுடி 5000 என்ற கார், பார்க்கிலிருந்து எடுத்தவுடன் தானாகவே பாய்கிறது என்று பலர் சொன்னார்கள். பிறேக்கை அழுத்தியும் நிற்கவில்லை என்றார்கள். தன் குழந்தையையே இழந்த ஒரு தாயும் பேசினார். கியர்பெட்டியில் மாற்றம் செய்து, அழுத்தம் கொடுத்து, பெடல் தானாக இறங்குவதுபோல ஒரு காரையும் காட்டினார்கள். அப்படி அந்தக் காரில் துளையிட்டிருந்ததைப் பார்வையாளர்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை என்று பிறகு பெரிய கண்டனம் வந்தது.

அவுடியின் விற்பனை சரிந்தது. 1985 இல் அமெரிக்காவில் 74,000க்கு மேல் விற்ற நிறுவனம் 1991 இல் 12,000 அளவுக்கு வந்துவிட்டது.

1989 இல் அமெரிக்க அரசின் ஆய்வு அறிக்கை வந்தது. பெரும்பாலான சம்பவங்களுக்குக் காரணம் கால் தவறியதுதான் என்றது அது. பிறேக் என்று நினைத்து அக்ஸிலரேற்றரில் கால் வைக்கிறார்கள். கார் பாய்கிறது. பயத்தில் இன்னும் பலமாக அழுத்துகிறார்கள். தாம் அழுத்துவது பிறேக்கைத்தான் என்று மூளை முழுமையாக நம்புகிறது. நின்ற இடத்திலிருந்து புறப்படும் காரை, எஞ்சின் முழுப் பலத்தோடு இழுத்தாலும் பிறேக் பிடித்து நிறுத்திவிடும் என்று சோதனைகள் காட்டின. கனடிய, ஜப்பானிய ஆய்வுகளும் ஏறத்தாழ இதே பக்கம்தான் கைகாட்டின.

எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் பட்டது இதற்குப் பிறகு நடந்தது. ‘பிழை ஓட்டுநருடையது’ என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருக்கலாம். அப்படி நடக்கவில்லை. அறிக்கை வருவதற்கு முன்பே, 1987 இல், அவுடி தன் கார்களைத் திருப்பி அழைத்து ஒரு சின்னப் பூட்டைப் பொருத்தத் தொடங்கியிருந்தது. பிறேக்கை மிதிக்காமல் தண்டு பார்க்கை விட்டு நகராது. கால் பிறேக்கில் இருக்கிறது என்பதை இயந்திரம் முதலில் உறுதிசெய்துகொள்ளும். மனிதரின் கால் தவறும் என்று தெரிந்தால், தவறினாலும் ஆபத்து வராதபடி பொருளைச் செய்யவேண்டும். ஒட்டுத்தாள் காலத்திலிருந்து இது ஒரு பெரிய தாண்டல்.

பூட்டும் இரகசியக் கதவும்

1990 இல் அமெரிக்கா இன்னொரு விதியைச் செய்தது. இது குழந்தைகளை நினைத்துச் செய்தது. நிறுத்திய காருக்குள் விளையாடும் பிள்ளை தண்டை இழுத்தால் கார் உருளும். ஆகவே 1992 செப்ரெம்பர் முதல் செய்யப்படும் ஓட்டோமற்றிக் கார்களில், தண்டு பார்க்கில் இருந்தால்தான் சாவி வெளியே வரவேண்டும். சாவி இல்லாதபோது தண்டு பார்க்கிலேயே பூட்டி இருக்கவேண்டும் என்றார்கள்.

இங்கேதான் அந்த மூடி பிறக்கிறது. பூட்டு மின்சாரத்தால் இயங்குகிறது. பற்றரி செத்தால் பூட்டும் திறக்காது. அப்படியானால் பழுதான காரை வீதி நடுவிலிருந்து எப்படி அப்புறப்படுத்துவது? அதனால் அவசரத் திறப்பு ஒன்றை வைத்துக்கொள்ள விதி இடம் கொடுத்தது. ஆனால் நிபந்தனையோடு. அந்தத் திறப்பு சாவியால் இயங்கவேண்டும். அல்லது அது கண்ணுக்குத் தெரியாதபடி மூடியிருக்கவேண்டும். ஸ்க்ரூ ட்ரைவர் போன்ற ஒரு கருவி இல்லாமல் அந்த மூடியைக் கழற்ற முடியாததாக இருக்கவேண்டும்.

நகத்தால் கிளப்பினால் அந்த மூடி ஏன் சுலபமாக வராது என்று இப்போது விளங்குகிறதா? நாலு வயதுப் பிள்ளையின் விரலுக்கு வராமல் இருக்கவேண்டும் என்பதற்காகத்தான்.

பிறேக்கை மிதித்தால் மட்டுமே பார்க் விடும் பூட்டை எல்லா நிறுவனங்களும் மெல்ல மெல்ல ஏற்றன. கடைசியில் சட்டமும் அதைக் கட்டாயமாக்கியது. 2008 பெப்ரவரியில் அமெரிக்காவில் கையெழுத்தான அந்தச் சட்டத்துக்கு, வீட்டு முற்றத்தில் பின்னால் வந்த வாகனத்தில் அடிபட்டு இறந்த கமரன் குல்பிரான்சன் என்ற இரண்டு வயதுக் குழந்தையின் பெயரை வைத்தார்கள். பின்பக்கக் கமராவைக் கட்டாயமாக்கியதும் இதே சட்டம்தான். பூட்டு விதி 2010 செப்ரெம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்தது.

தள்ளிப் பழகிய தலைமுறை

இதில் எங்களுக்கு என்ன தொடர்பு என்று கேட்பீர்கள்.

எங்கள் அப்பாமார் பலர் ஊரில் பார்த்ததும் ஓட்டியதும் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் போன்ற கார்கள். எல்லாம் கிளச் உள்ளவை. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் அவை மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ராட் பண்ண மட்டும் சில துளி பெற்றோல் விடுவார்கள். பற்றரி இல்லையென்றால் நாலு பேர் பின்னால் நின்று தள்ளுவார்கள், ஓட்டுபவர் கிளச்சை விடுவார், கார் இருமிக்கொண்டு உயிர்பெறும். ‘தள்ளு’ என்பது அவர்களுக்கு ஒரு வைத்தியம்.

ரொறன்ரோவில் தை மாதம் மறை 20 பாகைக் குளிரில் பற்றரி சாகும்போது அதே கை அதே வைத்தியத்தைத் தேடுகிறது. நான்கு மாமாமார் சேர்ந்து தள்ளுகிறார்கள். கார் அசையாது. கொண்டி பற்களுக்குள் இருக்கிறது. நியூட்ரலுக்குக் கொண்டுவந்து தள்ளினாலும் எஞ்சின் ஸ்ராட் ஆகாது. ஓட்டோமற்றிக் கியர்பெட்டிக்குள் எண்ணெய் அழுத்தம் இருந்தால்தான் சக்கரமும் எஞ்சினும் இணையும். அந்த அழுத்தத்தைத் தரும் பம்பை எஞ்சின்தான் சுற்றுகிறது. எஞ்சின் செத்தால் அழுத்தமும் இல்லை.

அவர்களின் அறிவு பிழையானதில்லை. அது வேறொரு இயந்திரத்துக்கான அறிவு. இந்த இயந்திரத்துக்கான அறிவை வீட்டில் சொல்லவேண்டியவர்கள் நாங்கள்தான்.

செத்த காரை நகர்த்தும்போது

இனி நடைமுறை. அந்த மூடியைத் திறக்கும் கணத்தில், மேலே சொன்ன அத்தனை காவல்களையும் நீங்கள் உங்கள் கையாலேயே அகற்றுகிறீர்கள். அந்தக் காவலின் வேலையை அதன்பிறகு நீங்கள்தான் செய்யவேண்டும்.

முதலில், திறக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். பற்றரிக்கு இன்னொரு காரிலிருந்து மின்சாரம் கொடுத்தாலே பூட்டு விட்டுவிடலாம். எஞ்சின் ஓடியும் தண்டு அசையவில்லையென்றால், ஒருவரைப் பின்னால் சற்று விலகி நிற்கச் சொல்லிப் பிறேக்கை மிதியுங்கள். பிறேக் விளக்கு எரியவில்லையென்றால் பியூஸ் போயிருக்கலாம், அல்லது பெடலுக்கு மேலே உள்ள சுவிட்ச் பழுதாகியிருக்கலாம். கால் மிதிபட்ட செய்தி பூட்டுக்குப் போகவில்லை. அந்த நிலையில் காரை வீதிக்கு எடுக்கவேண்டாம். பின்னால் வருபவருக்கும் நீங்கள் பிறேக் போடுவது தெரியாது.

திறப்பது என்று முடிவானால்:

1. தரை சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். சரிவாக இருந்தால் நீங்களாகச் செய்யவேண்டாம், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

2. பார்க்கிங் பிறேக்கை முழுதாக இழுங்கள். பொத்தான் வகைப் பிறேக் பற்றரி இல்லாமல் வேலைசெய்யாது. எந்த வகையாக இருந்தாலும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டையோ கல்லோ வையுங்கள்.

3. காருக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக்கூடாது. பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்புங்கள்.

4. ஓட்டுநர் சீட்டில் ஒருவர் ஒழுங்காக உட்காரவேண்டும். வெளியே நின்று கையை மட்டும் உள்ளே விட்டுச் செய்யவே கூடாது. சாவியை ‘ஓன்’ நிலைக்குத் திருப்புங்கள். இல்லையென்றால் ஸ்ரியரிங் பூட்டியிருக்கும்.

5. துணி சுற்றிய ஸ்க்ரூ ட்ரைவரால் மூடியைக் கிளப்புங்கள். வலது காலால் பிறேக்கை அழுத்தி வைத்துக்கொண்டு, துளைக்குள் சாவியையோ மெல்லிய கருவியையோ விட்டு அழுத்தியபடி தண்டை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள்.

6. தண்டு இறுகி நின்றால் இழுத்து மல்லுக்கட்டாதீர்கள். காரின் எடை கொண்டியின்மேல் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். காரை ஒரு கம்பியால் பிடித்துவைத்து, எடையைக் கொண்டியிலிருந்து எடுத்த பிறகுதான் அது பாதுகாப்பாக விடும். அது இழுவை வண்டிக்காரரின் வேலை.

7. எல்லோரும் தயார் என்ற பிறகுதான் கட்டைகளையும் பார்க்கிங் பிறேக்கையும் எடுக்கவேண்டும். எஞ்சின் ஓடாததால் ஸ்ரியரிங் கனக்கும். பிறேக் இரண்டு மூன்று மிதிக்கு மெதுவாக இருக்கும், பிறகு கல்லாகிவிடும். அப்போதும் அது பிடிக்கும், ஆனால் முழுப் பலத்தோடு மிதிக்கவேண்டும். நடை வேகத்துக்கு மேல் போகவிடாதீர்கள்.

8. சேரவேண்டிய இடம் வந்ததும் மறுபடி பார்க், பார்க்கிங் பிறேக், கட்டை. மூடியையும் திரும்பப் பூட்டுங்கள். அது தொலைந்தால் அடுத்த முறை பின்சீட்டுப் பிள்ளைக்கு விளையாட ஒரு துளை கிடைத்துவிடும்.

காருக்குக் கீழே படுத்துக் கியர்பெட்டியின் கம்பியைக் கையால் இழுத்து விடுவிக்கும் வழியைச் சிலர் சொல்லித்தருவார்கள். கொண்டி விட்டதும் உருளப்போகும் பொருளுக்குக் கீழே நீங்கள் படுத்திருக்கிறீர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். சித்தப்பா சொல்வதுபோல, “செத்த காருக்கு உயிர்தான் இல்லை, எடை இருக்கு.”

இன்னொன்று. நியூட்ரலில் போட்டுவிட்டோம், கயிறு கட்டி இழுத்துப் போவோம் என்று நினைக்காதீர்கள். எஞ்சின் ஓடாமல் பம்பு சுற்றாது. பம்பு சுற்றாமல் எண்ணெய் ஓடாது. எஞ்சின் சுற்றும் சக்கரங்கள் நிலத்தில் உருள இழுத்தால் பல கியர்பெட்டிகள் உள்ளேயே தேய்ந்து எரிந்துவிடும். சக்கரங்கள் நிலத்தில் படாமல் முழுக் காரையும் ஏற்றும் தட்டையான வண்டிதான் நல்லது.

தண்டே இல்லாத கார்கள்

இப்போது பல கார்களில் கியரை மாற்றுவது வெறும் மின்சாரச் செய்தி. பொத்தானாகவோ சுழலும் குமிழாகவோ இருக்கும். சிலவற்றில் மூடிக்குக் கீழே இழுக்கும் ஒரு பட்டி இருக்கும். சிலவற்றில் எதுவுமே இல்லை. 12 வோல்ட் பற்றரிக்கு மின்சாரம் கொடுக்காமல் பார்க்கை விட்டு எடுக்கவே முடியாது. உங்கள் காரில் எது என்று கையேட்டில் இன்றே பாருங்கள். இரவில் வீதியோரத்தில் நின்று பக்கம் புரட்டவேண்டாம்.

புதிய வடிவங்களோடு பழைய ஆபத்தும் திரும்பி வந்தது. ஒருமுறை தள்ளினால் மறுபடி நடுவுக்கே வந்து நிற்கும் ஒரு வகைத் தண்டை ஜீப், டொட்ஜ், கிறைஸ்லர் கார்கள் சிலவற்றில் வைத்தார்கள். கையைத் தொட்டுப் பார்த்து எந்தக் கியர் என்று அறிய முடியாது. 2016 ஏப்ரலில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 11 லட்சம் வாகனங்களைத் திருப்பி அழைத்தார்கள். திருத்தம் எல்லோரையும் சென்றடைய முதல், யூன் 19 ஆம் திகதி, நடிகர் அன்ரன் யெல்ச்சின் லொஸ் ஏஞ்சலிஸில் தன் வீட்டு முற்றத்துச் சரிவில் உருண்டு வந்த தன் சொந்த ஜீப்புக்கும் மதில் தூணுக்கும் நடுவே நசுங்கி இறந்தார். அவருக்கு வயது 27. திருத்தம் மிக எளிமையானது: ஓட்டுநர் கதவைத் திறந்து இறங்கப்போகிறார் என்றால் கார் தானாகப் பார்க்குக்குப் போகும்படி மென்பொருளை மாற்றினார்கள்.

1980 இல் ஒட்டுத்தாள் கேட்டுக்கொண்டதை 2016 இல் மென்பொருள் செய்தது. நடுவில் 36 வருடங்கள். ஆனாலும் அந்த ஒட்டுத்தாளில் இருந்த அறிவுரை பழையதாகவில்லை. சமதரையாக இருந்தாலும் பார்க்கிங் பிறேக்கை இழுத்த பிறகே இறங்குங்கள். இந்த வார இறுதியில் அம்மா அப்பாவின் காரில் அந்த மூடி எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். கண்டுபிடித்ததும் அவர்களுக்கும் காட்டுங்கள். பின்சீட்டில் இருக்கும் தம்பி தங்கைக்கு மட்டும் காட்டவேண்டாம்.